அம்மாவுக்குப் பதிலா வந்த அக்கா

1

கொழும்பு வெள்ளவத்தையில இருந்துகொண்டு இதை வாசிக்கிற உங்களுக்குப் பகிடியாத்தான் இருக்கும். போன செவ்வாய்க்கிழமை இஞ்ச சுவிஸில, பாசல் நகரத்து ஆஸ்பத்திரி ஒண்டில என்னட்டக் கேட்டவை: "இந்த நோயாளிக்கு நீங்கள் என்ன முறை?"

"தங்கச்சி" எண்டன்.

தாதி கொம்பியூட்டரைப் பாத்தா. "குடும்பப் பெயர் வேறயா இருக்கே?"

எங்கட ஆக்களுக்குக் குடும்பப் பெயர் எண்டு ஒண்டில்லை, தேப்பன்ர பெயரைத்தான் பின்னால போடுறது எண்டு விளங்கப்படுத்தினன். "அப்ப தகப்பன் வேறயோ?" ஓம். "தாய் ஒண்டோ?" இல்லை, தாயும் வேற. அந்தப் பிள்ளை பேனையைக் கீழ வச்சிட்டுது. அவவில என்ன பிழை? தேப்பனும் வேற, தாயும் வேற, ஆனா அக்கா எண்டு சொன்னால் எந்த வெள்ளைக்காரிக்குத்தான் விளங்கும்?

நிர்மலா அக்கா பாசலில ஒரு சலவைத் தொழிற்சாலையில முப்பது வருசத்துக்குக் கிட்ட வேலை செய்து பென்சன் எடுத்தவ. புருசன் செத்துப்போனார், பிள்ளையள் இல்லை. போன மாதம் குசினியில நிண்டபடி விழுந்துபோனா. பாரிசவாதம். வலக்கை தூக்கேலாது. நேற்று நடந்ததையும் இருவது வருசத்துக்கு முந்தி நடந்ததையும் போட்டுக் குழப்புறா. அதைவிடப் பெரிய சங்கடம், அவ இஞ்ச வந்து படிச்ச டொச், ஜேர்மன் பாசை, முழுக்கப் போயிட்டுது. தமிழ் மட்டும்தான் மிச்சம். பிறகு படிச்ச பாசை முதல் போறது சில ஆக்களுக்கு நடக்கிறதுதானாம், டொக்டர் சொன்னார். முதலாளியோட டொச்சில சண்டை பிடிச்ச மனிசி, இப்ப தாதி வந்து "எப்பிடி இருக்கிறீங்கள்?" எண்டு கேட்டால் என்ர முகத்தைப் பாக்கிறா.

இப்ப பிரச்சினை என்னெண்டால், ஆஸ்பத்திரியில இனி வச்சிருக்கமாட்டினமாம். மலைப் பக்கத்துக் கிராமம் ஒண்டில முதியோர் இல்லத்தில ஒரு கட்டில் இருக்காம். ரெண்டு ரயில் மாறி, பிறகு பஸ் எடுத்துப் போகவேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லச் சொல்லிப்போட்டினம். நானும் ஒரு முதியோர் இல்லத்தில வேலை செய்யிறவள்தான். அங்க பின்னேரம் அஞ்சு மணிக்கே இராச்சாப்பாடு, பாணும் சீஸும். நல்ல ஆக்கள், துப்புரவான இடம், ஒரு குறையும் சொல்லேலாது. ஆனா அக்கா "தண்ணி" எண்டு கேட்டால் அங்க ஆருக்கு விளங்கும்? இதை நினைச்சு எனக்கு நித்திரை இல்லை.

வீட்டுக்குக் கூட்டிவரலாம். ஆனா எங்களிட்ட இருக்கிறது ரெண்டு அறை. ஒண்டு மகள் அபியின்ர. இவரைக் கேட்டன், "நீ சொல்லுறதுதான்" எண்டார். அதுக்கு அர்த்தம் தான் ஒண்டும் சொல்லப்போறதில்லை எண்டது. அபிக்குப் பதினேழு வயசு. "அவ எங்கட சொந்தம்கூட இல்லையே, மம்மா" எண்டுபோட்டுக் கதவைச் சாத்தினாள்.

சொந்தம் இல்லைத்தான். ஆனா அவ எங்களுக்கு ஆர் எண்டு சொல்லவேணுமெண்டால் என்ர அம்மாவில இருந்து தொடங்கவேணும். அபி நிண்டு கேக்கமாட்டாள், அவளுக்குத் தமிழ் வாசிக்கவும் தெரியாது. அதாலதான் உங்களுக்கு எழுதுறன். வாற சனிக்கிழமை அம்மாவின்ர திவசமும்.

2

அம்மா ஊரைவிட்டு இடம்பெயர்ந்து வெள்ளவத்தைக்கு வந்து, கடற்கரைப் பக்கம் இறங்கிற ஒழுங்கை ஒண்டில பின் அறை எடுத்து இருந்தவ. அப்பா அதுக்கு முன்னமே போயிட்டார். ஒரே பிள்ளை நான் கலியாணம் முடிச்சுச் சுவிசுக்கு வந்திட்டன். அந்தக் காலத்தில வெள்ளவத்தைப் பிளாட்டுகள் முழுக்க வயது போன ஆக்கள்தான், உங்களுக்குத் தெரியும். பிள்ளையள் கனடா, லண்டன், அவுஸ்திரேலியா. காசு வரும், ரெலிபோன் வரும், ஆள் வராது.

முதல் ஆள் பரிமளம் டீச்சர். மூண்டாம் மாடி. கணக்குப் படிப்பிச்சு ஊரையே உருட்டி எடுத்த மனிசி, சமைக்கத் தெரியாது. வேலைக்காரப் பெட்டை நிண்டுபோக, மூண்டு நேரமும் பாணும் சீனியும் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறா. அம்மா தற்செயலாக் கேள்விப்பட்டு ஒரு கோப்பை சோறு கொண்டுபோனவ. அடுத்த நாளும் கொண்டுபோனா. பிறகு எதிர்ப் பிளாட்டில ரயில்வேயில இருந்து இளைப்பாறின சிவகுரு ஐயா. பிறகு மேரி அன்ரி. அவ கொட்டாஞ்சேனை, மகன்ர பிளாட்டுக்கு வந்தவ. மகன் மெல்பேணுக்குப் போக, கோயிலும் இல்லாமல் கதைக்க ஆளும் இல்லாமல் யன்னலோட இருந்தவ. அப்பிடியே கூடிக் கூடி ஆறேழு பேர். "என்ர கிழடுகள்" எண்டுதான் அம்மா சொல்லுறவ. அம்மாவும் ஒண்டும் குமர்ப்பிள்ளை இல்லை, அறுபது தாண்டிட்டுது.

அம்மா ஒருநாளும் அவையைச் "சாப்பிடுங்கோ" எண்டு சொன்னதில்லை. சொன்னால் "பசியில்லை பிள்ளை, வச்சிட்டுப் போ" எண்டுதான் பதில் வரும், பிறகு அது அப்பிடியே கிடந்து பழுதாகும். அம்மா சாப்பாட்டுக் கரியரைத் திறந்து, ஒரு கரண்டி எடுத்து நீட்டி, "ஐயா, எனக்கு இண்டைக்கு வாய் ஒண்டும் பிடிபடேல்லை, இதில உப்புச் சரியோ பாருங்கோ" எண்டுவா. உதவி கேட்டால் மறுக்கிற மனிசர் இல்லைச் சிவகுரு ஐயா. ஒருக்காப் பாப்பார். "கறியையும் பாத்துச் சொல்லுங்கோ." அதையும் பாப்பார். இப்பிடியே பாத்துப் பாத்துக் கோப்பை வெறுமையாகும். சிவகுரு ஐயாவுக்குப் பிரஷர், அவரின்ர கறியில அம்மா உப்பே போடுறதில்லை. அந்த மனிசன் நாவைச் சப்புக்கொட்டி, "உப்புக் கச்சிதம்" எண்டு சொல்லுவாராம். ரெலிபோனில சொல்லிச் சொல்லிச் சிரிப்பா அம்மா.

நான் இதை என்ர வேலையிடத்தில செய்து பாத்தன். சாப்பிடமாட்டன் எண்டு முகத்தைத் திருப்பின ஒரு மூதாட்டியிட்ட சூப்பை நீட்டி உப்புப் பாக்கச் சொன்னன். அவசரத்தில "நீ பார்" எண்டு ஒருமையில வந்திட்டுது. என்ர டொச் அவ்வளவுதான். மனிசி ஒரு மாதிரிப் பாத்திட்டு, சிரிச்சு, முழுக்கக் குடிச்சா. பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு, சமையலைச் சரிபாக்கிறது அங்க இருக்கிற ஆக்களின்ர வேலை இல்லை எண்டு சொன்னா. சரி எண்டு தலையாட்டினன்.

சாப்பாடு மட்டுமே? நகம் வெட்டுறது, தலை முழுக வாக்கிறது, ஊசியில நூல் கோக்கிறது எல்லாம் அம்மாதான். அந்த நேரம் கொழும்பில இருக்கிற எங்கட ஆக்கள் பொலிஸில பதியவேணும் எல்லோ. படியிறங்கேலாத ஆக்களின்ர கடதாசியெல்லாம் ஒரு பையில போட்டுக்கொண்டு அம்மாதான் போறவ. அங்க ஒருத்தர் கட்டைப் புரட்டிப் பாத்திட்டு, "மே ஒக்கொம ஓயாகெத?" எண்டு சிங்களத்தில கேட்டாராம். இதெல்லாம் உன்ர ஆக்களோ எண்டு. அம்மா, "ஓவ் மாத்தயா, ஒக்கொம மகே" எண்டாவாம். எல்லாம் என்ர. மனிசன் எல்லாத்துக்கும் சீல் குத்திக் குடுத்தாராம்.

3

எனக்குப் பிள்ளை தங்கினது கலியாணம் முடிச்சுக் கன வருசத்துக்குப் பிறகு. ரெண்டு தரம் அழிஞ்சு, மூண்டாம் தரம். பயத்தில கட்டிலை விட்டு இறங்கமாட்டன். இஞ்ச ஆர் இருக்கினம் எனக்கு? பிள்ளைப்பேறுக்குத் தாய் வாறதுதானே எங்கட வழக்கம். அம்மா வரவேணும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

விசாவுக்கு நாங்கள் பட்ட பாடு! இவரின்ர சம்பளக் கடதாசி, வீட்டு ஒப்பந்தம், எத்தினை சதுர மீட்டர், அம்மா எந்த அறையில படுப்பா எண்டதுகூட எழுதிக் குடுத்தம். முதல் தரம் மறுத்துப்போட்டினம். திரும்பி வருவாவோ எண்டு சந்தேகமாம். ரெண்டாம் தரம் விசா குத்திக் குடுத்தினம். அண்டைக்கு அம்மா காசு குடுத்து ரெலிபோன் கதைக்கிற கொமினிக்கேசன் கடையில இருந்து எடுத்து, "பிள்ளை, குத்தியாச்சு" எண்டா. நான் ரெலிபோனைப் பிடிச்சுக்கொண்டு குளறி அழுதன்.

அடுத்த நாள் தொடங்கினது அடி. முதல் கனடாவில இருந்து. "தங்கச்சி, கோவிக்காதேங்கோ, நான் சிவகுருவின்ர மகன் கதைக்கிறன். அம்மா எவ்வளவு நாள் நிப்பா?" பிறகு மெல்பேண். பிறகு லண்டனில ஒருத்தி, "நீங்கள் கொஞ்சம் யோசிச்சுச் செய்திருக்கலாம்" எண்டு எனக்கு நியாயம் படிப்பிச்சா. என்ர அம்மாவை நான் கூப்பிடுறதுக்கு உலகம் முழுக்க அனுமதி கேக்கவேணுமோ? எனக்கெண்டால் பத்திக்கொண்டு வந்துது.

கடைசியா ஒரு பொம்பிளைக் குரல், பக்கத்தில பாசலில இருந்து. "நான் நிர்மலா. பரிமளம் டீச்சரின்ர மகள். அம்மாவுக்கு உங்கட அம்மாவை விட்டால் ஒருத்தரும் இல்லை..." மற்ற எல்லாருக்கும் சேத்து அவவுக்குக் குடுத்தன்.

"உங்கட அம்மாவுக்கு என்ர அம்மா சமைக்கலாம், எனக்குச் சமைக்கக் கூடாதோ? எனக்கு ஆர் இருக்கினம், சொல்லுங்கோ பாப்பம்?"

அவ ரெலிபோனை மெதுவா வச்சிட்டா.

அம்மா வாறதெண்டுதான் இருந்தவ. தனக்குப் பதிலா ஒரு பெட்டையைப் பிடிச்சு எல்லாம் பழக்கி, ஒரு ஒத்திகையும் பாத்திருக்கிறா. தான் ஏற்கெனவே போயிட்டன் எண்டு கிழடுகளுக்குச் சொல்லச் சொல்லிப்போட்டு, அறைக்குள்ள ஒளிச்சிருந்து, பெட்டையிட்டக் கரியரைக் குடுத்தனுப்பினவவாம். அது போனமாதிரியே திரும்பி வந்துது. அடுத்த நாளும் அப்பிடித்தான். மேரி அன்ரி சண்டை பிடிச்சாவாம். சிவகுரு ஐயா, உப்புக் கூட எண்டாராம். அதே உப்பில்லாத கறி! டீச்சர் பாண் வாங்கித்தரச் சொல்லிக் கேட்டாவாம்.

மூண்டாம் நாள் அம்மா அறையை விட்டு வெளியில வந்திட்டா. கொமினிக்கேசனில இருந்து எனக்கு எடுத்தா. "பிள்ளை, நான் வந்தால் இதுகள் செத்துப்போங்கள்" எண்டா.

"நான் செத்தால்?" எண்டு கேட்டன்.

"வாயைக் கழுவு!" எண்டு கத்தினா. பிறகு அழுதா. நானும் அழுதன், பேசினன், வச்சிட்டன். அந்தக் கோபம் எனக்கு இண்டைக்கும் இருக்கு. அம்மா செய்தது சரியெண்டு நாலு பேர் சொல்லுவினம், நானும் சொல்லுவன். ஆனா கோபம் கோபம்தான்.

4

பிள்ளை பிறந்து ஆஸ்பத்திரியால வந்த அண்டைக்கு, கதவு மணி அடிச்சுது. திறந்தால், முன்னப் பின்னத் தெரியாத ஒரு பொம்பிளை. நல்ல உயரம், கட்டையா வெட்டின தலைமயிர், ஒரு கையில பெட்டி, மற்றக் கையில அம்மி. சொன்னால் நம்பமாட்டீங்கள், அம்மியேதான். பாசலில இருந்து ரயிலில காவிக்கொண்டு வந்திருக்கிறா.

"நிர்மலா. உங்கட அம்மா அனுப்பினவ" எண்டா.

பிறகுதான் கதை தெரியும். அம்மா அவவுக்கு எடுத்து, ரெண்டே ரெண்டு வசனம் சொல்லியிருக்கிறா: "பிள்ளை, உன்ர அம்மாவை நான் பாக்கிறன். என்ர பிள்ளையை நீ போய்ப் பார்." இவ வேலையில லீவு எழுதிக் குடுத்திட்டு வந்திட்டா. எனக்கு முகத்தில முழிக்கேலாமல் கிடந்துது. நான் அப்பிடிப் பேசின மனிசி வீட்டுக்குள்ள வந்து நிக்குது, நான் சேட்டும் ஈரமா, தலையும் இழுக்காமல்.

சமையல்? தாயைப்போலதான், சுத்தமாத் தெரியாது! பிள்ளைப்பெத்தவளுக்குச் சரக்கு அரைச்சுக் கறி வைக்கவேணும். கொத்தமல்லி, மிளகு, மஞ்சள், உள்ளி. கொழும்பில அம்மா ரெலிபோனில, இஞ்ச இவ காதுக்கும் தோளுக்கும் நடுவில ரிசீவரை இடுக்கிக்கொண்டு அம்மியில. "அரைச்சிட்டன் அன்ரி." "தொட்டுப் பார், நற நறக்குதோ?" "ஓம்." "அப்ப இன்னும் அரை." ரெலிபோன் காட் முடிஞ்சுபோகும், இவர் ஓடிப்போய் இன்னொண்டு வாங்கிவருவார். கீழ் வீட்டுக்காரன் மேல வந்து, தலைக்கு மேல என்ன கட்டிட வேலை நடக்குது எண்டு கேட்டான். முதல் நாள் கறி கசந்துது. மூண்டாம் நாள் கருகிச்சுது. ஒரு கிழமைக்குப் பிறகு ஒரு மத்தியானம் வாயில வச்சன், அம்மாவின்ர கை. அப்பிடியே அம்மாவின்ர கை. நான் கோப்பையை வச்சிட்டு அழ, இவ பயந்துபோய், "உறைப்போ?" எண்டு கேட்டா.

அபியைக் குளிக்க வாத்தது அவ. காலை நீட்டி, காலில பிள்ளையைக் கிடத்தி, மூக்குப் பிடிச்சு, தலை உருட்டி. பிள்ளை இல்லாத மனிசி, முந்திச் செய்து பழக்கமில்லை. ஆனா விடமாட்டா. முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிஞ்ச அடுத்த நாள்தான் பாசலுக்குப் போனவ. அம்மியை எனக்கே விட்டிட்டுப் போனா.

5

அதுக்குப் பிறகு அம்மாவுக்குத் திரும்பவும் விசா கேட்டம். போன தரம் குடுத்ததை ஏன் பாவிக்கேல்லை எண்டு கேட்டினம். கிழடுகள் சாப்பிடேல்லை எண்டு எப்பிடி எழுதுறது? என்னவோ எழுதினம். மறுத்திட்டினம். எனக்குப் போகேலாது, என்னட்ட இருந்தது அகதிப் புத்தகம். உலகத்தில எல்லா நாட்டுக்கும் போகலாம், பிறந்த நாட்டுக்கு மட்டும் ஏலாது. ஒவ்வொரு வருசமும் அடுத்த வருசம், அடுத்த வருசம் எண்டு போச்சுது.

அபிக்கு நாலு வயசிருக்கும். மத்தியானக் கரியர் எல்லாம் குடுத்து முடிச்சு, அறைக்கு வந்து, சாய்மனைக் கதிரையில இருந்தபடி அம்மா போயிட்டா. மாரடைப்பு. எனக்குச் செய்தி சொன்னது மேரி அன்ரி. அவவுக்குச் சொல்லவும் வரேல்லை, "பிள்ளை, இண்டைக்கு நாங்கள் எல்லாரும் சாப்பிட்டிட்டம்" எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னா.

நான் நிலத்தில இருந்திட்டன். அக்காவுக்கு எடுத்தன். அவவிட்டச் சுவிஸின்ர சிவப்புப் பாஸ்போட் இருந்தது. "நான் போறன்" எண்டா, வேற ஒரு கதை இல்லை. அண்டைக்கே வெளிக்கிட்டா. வெள்ளவத்தையில என்ர அம்மாவைக் குளிப்பாட்டி, சீலை உடுத்தி, வாய்க்கரிசி போட்டது அவ. படியிறங்கமாட்டாத கிழடுகள் எல்லாரையும் கதிரையில வச்சுக் காவி இறக்கினதாம். போட்டோவில பாத்தன். டீச்சர் அம்மாவின்ர காலைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறா. அடுத்த வருசம் டீச்சரும் போயிட்டா.

இவ்வளவும் செய்த மனிசியை நான் மலைக்கு அனுப்பிறதோ? ஆனா கூட்டிவந்து பாக்க என்னால ஏலுமோ? ஆர் தூக்கிறது, ஆர் பகலில நிக்கிறது, நான் வேலைக்குப் போக விழுந்துகிழுந்து போனால்? யோசிச்சு யோசிச்சு மண்டை காய்ஞ்சுபோச்சு.

6

இதை இவ்வளவில எழுதி வச்சிட்டன், மிச்சம் இப்பதான் எழுதுறன். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில கூட்டம். அபியைப் பலவந்தமாக் கூட்டிப்போனன். சோசல்காரி, ஆஸ்பத்திரியின்ர சமூகசேவைப் பொம்பிளை, கதைக்கிற டொச் எனக்குப் பாதிதான் விளங்கும். அபி காதில மாட்டினதைக் கழட்டாமல், முகத்தை உம்மெண்டு வச்சுக்கொண்டு அக்காவின்ர கட்டிலோரத்தில இருந்தாள்.

சோசல்காரி கேட்டா, நீங்கள் வேலைக்குப் போற நேரம் ஆர் பாக்கிறது? வேலை நேரத்தை மாத்துவன், தாதி வந்துபோவா, இவர் நிப்பார் எண்டு பாதிப் பொய் பாதி மெய்யாச் சொன்னன். மனிசி நம்பேல்லை, முகத்தில தெரிஞ்சுது. உங்கட வீட்டில அவவுக்கு ஒரு அறை இருக்கோ எண்டு கேட்டா. அபி என்னவோ சொன்னாள். நீளமா, கெதியா, சுவிஸ் டொச்சில. சோசல்காரி அவளைப் பாத்தா, பிறகு எழுதினா.

திரும்பி வர ரயிலில கேட்டன். "என்ன பிள்ளை சொன்னனீ?"

"நான் ஹோலில படுக்கிறன் எண்டு சொன்னன். செவ்வாயும் வியாழனும் பின்னேரம் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை, நான் நிப்பன் எண்டும் சொன்னன்."

"ஏனம்மா?"

"அவ என்ர கையை விடேல்லை, மம்மா. நான் ரெண்டு தரம் இழுத்துப் பாத்தன்." பிறகு, "சோதினை நேரம் சத்தம் போடக்கூடாது, ஓகே?" எண்டுபோட்டுக் காதில திரும்ப மாட்டினாள்.

சனிக்கிழமை அக்காவைக் கூட்டிவந்தம். மூண்டு மாடி, லிப்ட் சின்னது, சக்கர நாற்காலி மட்டுமட்டா நுழைஞ்சுது. இனி ஒவ்வொரு நாளும் இதுதான் எண்டு நினைக்க எனக்கு வேர்த்துது. அம்மாவின்ர படத்துக்கு முன்னால படைச்சு எடுத்து, மேசையில அக்காவுக்கும் போட்டன். அபி பக்கத்தில இருந்தாள்.

அக்கா சாப்பிடேல்லை. அறையைச் சுத்திச் சுத்திப் பாத்தா.

"உன்ர அம்மா எப்ப வாறா?" எண்டு கேட்டா. பேச்சுக் கொஞ்சம் குழறும், ஆனா இது தெளிவா வந்துது. "விசா குத்தியாச்செல்லோ. அவ வந்தோடன நான் பாசலுக்குப் போயிடுவன். எனக்கு லீவு முடியுது."

அபி என்னைப் பாத்தாள். படத்தில மாலை கிடக்குது, அக்காவுக்கு நேர எதிரில. நாளைக்கு வருவா எண்டு சொல்லியிருக்கலாம். வேலையிடத்தில இப்பிடிக் கேக்கிற ஆக்களுக்கு நாங்கள் அப்பிடித்தான் சொல்லுறது. அக்காவுக்குச் சொல்ல எனக்கு மனம் வரேல்லை.

"அம்மா வரமாட்டா அக்கா. நீங்கள்தான் நிக்கவேணும்" எண்டன்.

அக்காவின்ர முகத்தில பயம் மாதிரி ஒண்டு வந்துது. "அப்ப என்ர அம்மாவோட அவவோ நிக்கிறா?"

"ஓம் அக்கா. உங்கட அம்மாவோடதான் நிக்கிறா."

"அப்பச் சரி" எண்டா. இடக்கையால கரண்டியை எடுத்தா.